ஒரு தடவைதான் கேட்டார்கள்

"இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுமா?"

"ஐயோ, வேண்டாங்க. போதும்."

"சரி" என்றார் வீட்டுக்காரம்மா. சொன்ன கையோடு பாத்திரத்தை மூடினார், மேடையைத் துடைத்தார், பாத்திரத்தை ஃபிரிட்ஜுக்குள் வைத்துக் கதவையும் சாத்திவிட்டார். கதவு சாத்திய அந்த மெத்தென்ற சத்தம் வாயாடியின் வயிற்றுக்குள் போய் விழுந்தது.

வெளிநாட்டுக்குப் படிக்க வந்து, அன்றுதான் அந்த வீட்டில் தங்க வந்திருந்தாள். விமானத்தில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பசியென்றால் சாதாரணப் பசி இல்லை, மேசைவிரிப்பையே மென்று தின்கிற பசி. கையில் கரண்டியோடு, காலிக் கிண்ணத்தைப் பார்த்தபடி, இதோ இப்போது கேட்பார், இதோ இப்போது கேட்பார் என்று உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரம்மா கேட்டார்தான்.

"கிண்ணத்தைக் கழுவிடவா?"

வாயாடி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். அத்தை வைத்தது. பேச்சு வந்த நாளிலிருந்து பேச்சை நிறுத்தாத பெண்ணுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு வாதாடுவாள், மார்க் குறைத்துப் போட்ட வாத்தியாரிடம் வாதாடுவாள், கொத்தமல்லி கொசுறு தராத காய்கறிக்காரரிடம் வாதாடுவாள். அப்பேர்ப்பட்ட வாய், ஒரு கரண்டி சூப் கேட்க முடியாமல் மூடிக்கொண்டது.

மறுநாள் காலையில் அம்மாவிடமிருந்து ஃபோன்.

"என்னடி, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்னும் சொல்லலாம், சாப்பிடலைன்னும் சொல்லலாம்."

"காலங்காத்தால விடுகதை போடாதே."

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமான்னு கேட்டாங்கம்மா. வேண்டாம்னேன்."

"சரியாத்தானே சொல்லியிருக்கே. அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? மூடி உள்ளே வச்சுட்டாங்க."

"மறுபடியும் கேக்கலையா?"

"கேக்கலை."

அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் சட்டென்று நின்றது. அம்மாவும் அத்தையும் சேர்ந்து நடத்தும் கடை அது. வெட்டுவதும் தைப்பதும் அம்மா. கொக்கியும் காஜாவும் அத்தை.

"என்னவாம் அண்ணி?" என்று அத்தையின் குரல் கேட்டது.

"புள்ளையை ஒரு தடவைதான் கேட்டாங்களாம்."

"ஒரே ஒரு தடவையா? கல்நெஞ்சுக்காரங்க! நம்ம வீட்ல பால்காரருக்குக்கூட ரெண்டு தடவை காப்பி கேப்போமே!"

அவர்கள் வீட்டு வழக்கம் அப்படி. முதல் தடவை கேட்பது மரியாதைக்கு. இரண்டாவது தடவை கேட்பது பாசத்துக்கு. மூன்றாவது தடவை கேட்பதுதான் தட்டில் விழும். விருந்தாளியாகப் போன இடத்தில் முதல் தடவையே தலையாட்டுகிற பிள்ளையை, திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா கிள்ளிக்கொண்டே வருவாள். "காணாததைக் கண்ட மாதிரி கையை நீட்டறியே, நாம என்ன சோத்துக்கு இல்லாதவங்களா?" வாயாடியின் முழங்கைக்கு மேலே அந்தக் கிள்ளல் இன்னும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பசி நல்ல வாத்தியார். அன்று மாலையே அவள் தேறிவிட்டாள். "ஊத்தட்டுமா?" என்று கேட்டதும், "ஊத்துங்க. அந்த ரொட்டியும் ஒண்ணு" என்றாள். வீட்டுக்காரம்மா முகத்தில் ஒரு சந்தோஷம்! "நேத்து உனக்கு என் சமையல் பிடிக்கலையோன்னு நினைச்சேன்" என்றார்.

அடேயப்பா, வெளிநாடு என்றால் இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது அவளுக்கு. டிராம் வண்டியில் எந்தப் பக்கக் கதவு திறக்கும் என்பது பிடிபட்டது. துணி துவைக்கும் மிஷினில் எந்தப் பொத்தானை அழுத்தினால் ஸ்வெட்டர் பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கும் என்பது, ஒரு ஸ்வெட்டரை விலையாகக் கொடுத்தபின், பிடிபட்டது. மருந்துக் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் கையசைக்க ஆரம்பித்தார். மூக்கு சிவந்து போகும் குளிரில், காதுவரை தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, இந்த ஊரே தனக்காகப் போட்டு வைத்த தெரு மாதிரி நடந்தாள்.

சாப்பாட்டு மேசையில் கற்ற பாடம் சாப்பாட்டு மேசையோடு நின்றுவிட்டது என்பதுதான் அவளுக்கு அப்போது தெரியவில்லை.

அவள் படிப்பது செயற்கைக் கால் செய்யும் படிப்பு. காலை இழந்தவர்களுக்கு அளவெடுத்து, வார்த்து, பொருத்தி, நடக்கவைக்கும் வேலை. இங்கே ஒரு பருவம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். அதற்கு அவளுடைய கல்லூரி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒரு மனுஷருக்கு ஒரு கால், முதல் அளவிலிருந்து அவர் நடந்து காட்டும்வரை, தன் கையால் செய்து முடித்திருக்க வேண்டும். முடிக்காவிட்டால் பருவமே செல்லாது, ஒரு வருஷம் பின்தங்க வேண்டியதுதான்.

பட்டறை ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. ஒரு மூலையில் மாவுக்கட்டு போடும் வெள்ளை மாவைக் கலக்க வாளிகள். சுவரோரம் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கும் பெரிய அடுப்பு. நடுவில் ஆள் பிடித்து நடந்து பழக இரண்டு கைப்பிடிக் கம்பிகள், அவற்றின் கோடியில் ஆளுயரக் கண்ணாடி. எங்கே பார்த்தாலும் வெள்ளைத் தூசி. பட்டறைக்குத் தலைவி ஒரு குள்ளமான அம்மாள். காதில் பென்சில், கையில் எப்போதும் அரம். வாயாடி மனசுக்குள் வைத்த பெயர் மேஸ்திரியம்மா. கூடப் படிக்கும் உள்ளூர்ப் பையனுக்கு வைத்த பெயர் நெட்டை. நிலைப்படியில் குனிந்து வருவான், நிமிர மறந்து பாதி அறைவரை குனிந்தபடியே நடப்பான். அவன் தன் பங்குக் காலை முன்பே முடித்துவிட்டான்.

வாயாடிக்குத்தான் இன்னும் ஆள் வரவில்லை. வருகிறவர்கள் எல்லாம் பழைய காலைப் பழுது பார்க்க வருகிறவர்கள். பருவம் முடியப் போகிறது என்ற கவலை அவளை அரிக்க ஆரம்பித்தபோதுதான் பேக்கரிக்காரர் வந்தார்.

முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாதவர். வேறெங்கோ செய்த கால் ஒன்று சும்மா கிடக்கிறதாம், அதைப் போட்டு நிற்க முடியவில்லை, ஊன்றுகோலில் சாய்ந்தபடி ரொட்டி சுடுகிறாராம். புதுக் கால் வேண்டும்.

மேஸ்திரியம்மா வாயாடியிடம் வந்தார். "இவரை நீ எடுத்துக்கறியா?"

மனசு எழுந்து குதித்தது. வாய் மட்டும் தான் பழகிய வழியில் போனது.

"பரவாயில்லைங்க. இவனே எடுத்துக்கட்டும். எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

"சரி" என்றார் மேஸ்திரியம்மா. நெட்டையின் பக்கம் திரும்பினார். "அப்ப நீ எடுத்துக்கோ."

"சரி" என்றான் நெட்டை.

இரண்டு சரியில் காரியம் முடிந்தது. நெட்டை பேக்கரிக்காரரின் கையைக் குலுக்கித் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். மேஸ்திரியம்மா அரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கையில் மாவு வாளியோடு நின்ற வாயாடிக்கு, ஃபிரிட்ஜ் கதவு சாத்தும் அந்த மெத்தென்ற சத்தம் மறுபடியும் கேட்டது.

"யார்டி உன்னை வேண்டாம்னு சொல்லச் சொன்னது?" என்று ஃபோனில் கத்தினாள் அம்மா.

"நீதான்!"

"நான் சாப்பாட்டுக்குச் சொன்னேன். காலுக்கா சொன்னேன்?"

"அதை வாய்க்குச் சொல்லலையேம்மா. அது எல்லாத்துக்கும் சேத்துப் பழகிடுச்சு."

"அண்ணி, ஃபோனை இங்கே குடுங்க." அத்தை வாங்கினாள். "ஏய் வாயாடி, பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு என்ன சண்டை போடுவே? கண்டக்டரே பயந்து ஓடுவாரே. இப்ப எங்கே போச்சு அந்த வாய்?"

"அது நானா பிடிக்கிற சீட்டு அத்தை. இது அவங்களா குடுத்தது. குடுக்கறப்ப எப்படி உடனே வாங்கிக்கறது?"

"நல்ல நியாயம்! பிடுங்கத் தெரியுது, வாங்கிக்கத் தெரியலை. போ, போய்க் கேளு. போனா பேக்கரி, வந்தா கால்."

அத்தை சொன்னது எந்தக் கணக்கில் சேரும் என்று யாருக்கும் புரியவில்லை. ஆனால் வாயாடி போனாள்.

மேஸ்திரியம்மா மாவு அச்சு ஒன்றை அரத்தால் இழைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து நான் வேண்டாம்னு சொன்னேன் இல்லீங்களா?"

"ஆமா."

"அது வேண்டாம் இல்லீங்க."

"பின்னே?"

"வேணும்."

அரம் நின்றது. "வேணும்னா வேணும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"இன்னொரு தடவை கேப்பீங்கன்னு நினைச்சேன்."

"எதுக்கு இன்னொரு தடவை? எனக்குக் காது நல்லாத்தானே இருக்கு?"

வாயாடி தன் வீட்டு வழக்கத்தை எடுத்துச் சொன்னாள். மரியாதை, பாசம், தட்டு, கிள்ளல், எல்லாவற்றையும். மேஸ்திரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"உங்க ஊர்ல ஆம்புலன்ஸ் வந்தா என்ன பண்ணுவீங்க? ஏறிக்கிறீங்களான்னு மூணு தடவை கேப்பாங்களா?"

"தூக்கி உள்ளே போட்டுட்டுத்தாங்க கேப்பாங்க."

மேஸ்திரியம்மா சிரித்துவிட்டார். அடுத்த நொடி சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டார். "இங்கே பாரு. அவர்கிட்ட ஆள் யாருன்னு சொல்லியாச்சு. கடையில சட்டையை மாத்தற மாதிரி ஆளை மாத்த முடியாது. இந்தப் பருவத்துக்கு வேற புது ஆளும் வரப்போறதில்லை. நீ அவன்கூட நின்னு வாளியாவது பிடி. ஏதாவது வழி வந்தா பாப்போம்."

நெட்டையிடமும் கேட்டுப் பார்த்தாள். "நீதானே வேண்டாம்னே?" என்றான் அவன், கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல். "உனக்கு அவரைப் பிடிக்கலையோன்னு நினைச்சேன். நான் அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன். இப்ப விட்டுட்டுப் போனா நல்லா இருக்காது." அதற்கு மேல் அவனிடம் என்ன வாதாட முடியும்? வாக்குக் கொடுத்தவனை வாக்கு மாறச் சொல்ல அவள் வீட்டில் சொல்லித்தரவில்லை.

ஆகவே வாளி பிடித்தாள். சும்மா பிடிக்கவில்லை, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பிடித்தாள்.

நெட்டை நல்ல வேலைக்காரன். மிச்சமிருந்த காலுக்கு மெல்லிய துணியுறை மாட்டி, எலும்பு மேடாகத் தெரியும் இடங்களை ஊதாப் பென்சிலால் குறித்தான். மாவுக்கட்டுத் துணியை நனைத்துச் சுற்றி, முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்திக் காய விட்டான். கழற்றிய கூட்டுக்குள் மாவை ஊற்றி அச்சு எடுத்து, இழைத்து, சூடான பிளாஸ்டிக்கை அதன்மேல் போர்த்தினான். கண்ணாடி போல உள்ளே தெரியும் ஒரு கூடு கிடைத்தது. மிச்சக் காலை வாங்கிக்கொள்ளும் அந்தக் கூடுதான் செயற்கைக் காலின் உயிர். அது சரியாக உட்கார்ந்தால் மனுஷர் நடப்பார், உட்காராவிட்டால் எத்தனை நல்ல பாதம் மாட்டியும் பிரயோஜனமில்லை. இந்தப் பிளாஸ்டிக் கூடு போட்டுப் பார்ப்பதற்கு மட்டும். இதில் சரி என்று ஆனபின்தான் உறுதியான கூடு செய்வார்கள்.

போட்டுப் பார்க்கும் நாளில் பேக்கரிக்காரர் ஒரு துணிப்பை நிறையச் சூடான பன் கொண்டுவந்தார். மேஸ்திரியம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காருங்க" என்றார்.

"வேண்டாம் வேண்டாம், நான் நிக்கிறேன். உங்க வேலை கெடும்."

ஊன்றுகோலில் தொங்கிக்கொண்டு இருக்கும் மனுஷர் சொல்கிற பேச்சா இது? வாயாடி நிமிர்ந்து பார்த்தாள். அட, இவர் நம்ம வீட்டு ஆளு இல்லையா, என்று தோன்றியது அவளுக்கு. ஒன்றும் பேசாமல் நாற்காலியை அவர் முழங்காலுக்குப் பின்னால் கொண்டுபோய் இடித்தாள். அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் விட்ட பெருமூச்சு பட்டறைக்கே கேட்டது.

கூட்டை மாட்டி, குழாயும் பாதமும் பூட்டி, கம்பிகளுக்கு நடுவே நிறுத்தினார்கள்.

"எங்கேயாவது வலிக்குதா?" என்று கேட்டான் நெட்டை.

"இல்லை, நல்லா இருக்கு."

கம்பியைப் பிடித்து அந்தக் கோடிவரை நடந்தார், திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நெட்டை குனிந்து கூட்டின் வழியாகத் தோலின் நிறத்தைப் பார்த்தான். நேராக நிற்கையில் அழுத்தம் பட்டு எந்த இடமும் வெளுக்கவில்லை. "அவ்வளவுதான். இதையே உறுதி பண்ணிடலாம்" என்று எழுந்தான். மேஸ்திரியம்மாவும் தலையாட்டப் போனார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் வாயாடி.

அந்த 'நல்லா இருக்கு' அவளுக்குப் பழக்கமான 'நல்லா இருக்கு'. அம்மாவின் கடையில் கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ பெண்கள் சொன்னது. ரவிக்கையைப் போட்டுப் பார்த்து, நல்லா இருக்கு என்பார்கள். அம்மா விடமாட்டாள். "நிக்கறப்ப எல்லாம் நல்லாத்தான் இருக்கும். கையைத் தூக்குங்க. பின்னாடி கொண்டையைக் கட்டற மாதிரி பண்ணுங்க. இப்ப சொல்லுங்க, பிடிக்குதா?" என்பாள். மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் அக்குள் பிடிக்கிறது என்கிற உண்மை வெளியே வரும். "இங்கேயே வாங்கிடணும்டி. இல்லைன்னா பக்கத்து வீட்ல போய்ச் சொல்வாங்க" என்பது அம்மாவின் வியாபார ரகசியம்.

வாயாடி பேக்கரிக்காரர் முன்னால் போய் நின்றாள். "ரொட்டி சுடறப்ப நீங்க கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நேரா நடப்பீங்களா?"

"அது எப்படி? மேசைக்கும் அடுப்புக்கும் நடுவுல நிப்பேன். இங்கே எடுத்து அங்கே வைப்பேன்."

"செஞ்சு காட்டுங்க."

ஒரு பலகையை எடுத்தாள், அதன்மேல் பிரிக்காத மாவுப் பொட்டலம் இரண்டை வைத்தாள், அவர் கையில் கொடுத்தாள். "இதுதான் ரொட்டித் தட்டு. நான்தான் அடுப்பு. வைங்க."

"அடுப்பு ரொம்பப் பேசுது" என்றார் பேக்கரிக்காரர்.

"எங்க ஊர் அடுப்பு. வைங்க."

அவர் புதுக் காலை ஊன்றித் திரும்பினார். பலகையோடு அடுப்பின் முன்னால் வந்து நின்றார். ஆனால் அவருடைய தாடை இறுகியதை வாயாடி பார்த்துவிட்டாள்.

"வலிச்சுதா?"

"பரவாயில்லை."

"பரவாயில்லைன்னா எந்தப் பரவாயில்லை? எங்க வீட்ல பலவிதம் இருக்கு."

அவர் நெட்டையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "புதுசுதானே. போகப் போகச் சரியாயிடும்."

"போன காலுக்கும் இதையேதான் சொன்னீங்களா?"

அவர் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, இது மூணாவது தடவை. எங்க ஊர்ல மூணாவது தடவை கேட்டா உள்ளதைச் சொல்லிடணும். வலிக்குதா இல்லையா?"

பேக்கரிக்காரர் பலகையை மெல்லக் கீழே வைத்தார். "திரும்பறப்ப வலிக்குது. வெளிப்பக்கம், முட்டிக்குக் கீழே. கத்தியால குத்தற மாதிரி."

"ஏன் சொல்லலை?" நெட்டையின் குரல் உடைந்தது. "நான் கேட்டேனே!"

"நீ எவ்வளவு பாடுபட்டுச் செஞ்சிருக்கே, தம்பி. எப்படிச் சொல்றது? போன தடவை செஞ்சவரும் நல்ல மனுஷர்தான். அந்தக் கால் மாவு மூட்டைக்குப் பின்னாடி நிக்குது."

கழற்றிப் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்து எலும்பு முண்டின்மேல் ரத்தச் சிவப்பாக ஒரு வட்டம். நெட்டை தன் உயரம் எல்லாம் வற்றிப்போனவன் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தான்.

"நான் கேட்டேனே" என்றான் மறுபடியும்.

"ஒரு தடவைதான் கேட்டே" என்றார் மேஸ்திரியம்மா. கூட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானும் கேக்கலை. அந்த இடத்தை மட்டும் சூடு காட்டித் தள்ளினா போதாது. திரும்பறப்ப கூடே காலைச் சுத்தி வருது. முதல்லேர்ந்து அளவெடுக்கணும்."

மேஸ்திரியம்மா அன்று சொன்ன வழி இதுதான் என்று வாயாடிக்குத் தெரிந்தது. யாரும் கூப்பிட்டுக் கொடுக்கப் போவதில்லை என்பதும் தெரிந்தது. முழங்கைக்கு மேலே அம்மா கிள்ளிய இடம் சுருக்கென்றது. கிள்ளிக்கோ, என்று நினைத்துக்கொண்டாள்.

"எனக்கு வேணும்" என்றாள். சத்தமாகவே வந்துவிட்டது. "இவர் காலை நான் செய்யணும். எனக்கு இது அவசியம். அதுக்காக மட்டும் கேக்கலை. என்னால நல்லாச் செய்ய முடியும்."

நெட்டை நிமிர்ந்தான். "அவர் என் ஆளு. தப்பு என்னோடது. நானே திருத்தறேன்."

அதுவும் நியாயம்தான். மேஸ்திரியம்மா இருவரையும் பார்த்துவிட்டு, பேக்கரிக்காரரிடம் திரும்பினார். "கால் உங்களுது. நீங்க சொல்லுங்க. யார் செய்யணும்?"

"யார் செஞ்சாலும் எனக்குச் சரி."

மேஸ்திரியம்மா வாயாடியை ஓரக்கண்ணால் பார்த்தார். மறுபடியும் திரும்பினார். "யார் செய்யணும்?"

"தம்பியும் நல்லாத்தான் செய்யறான்..."

"மூணாவது தடவை கேக்கறேன். யார் செய்யணும்?"

பேக்கரிக்காரருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "அந்தப் பொண்ணு" என்றார். "தம்பி கோவிச்சுக்கக் கூடாது."

நெட்டை தன் கைகளைப் பார்த்தான். மாவு காய்ந்து விரலிடுக்கில் வெடித்திருந்தது. பிறகு எழுந்தான், நிலைப்படி இல்லாத இடத்திலும் குனிந்தான், ஊதாப் பென்சிலை அவளிடம் நீட்டினான்.

"எடுத்துக்கோ."

"பர..." என்றது வாயாடியின் வாய்.

மேஸ்திரியம்மா பார்த்தார். நெட்டை பார்த்தான். ஒரு பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரர்கூடப் பிய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வாயாடி அந்தப் 'பர'வை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"எடுத்துக்கறேன்" என்று பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

அடுத்த நாளே அளவெடுத்தாள். வலித்த எலும்பு முண்டைச் சுற்றி ஊதாக் கோட்டை இரண்டு சுற்றுப் போட்டாள். மாவுக்கட்டுச் சுற்றும் முன் நெட்டையிடம், "வாளியைக் கொஞ்சம் பிடிக்கறியா?" என்றாள்.

"வேண்டாம்."

"சரி" என்று அவள் தானே வாளியைத் தூக்கப் போனாள்.

"ஏய், ஏய்! சும்மா சொன்னேன். உங்க வழக்கப்படி சொல்லிப் பாத்தேன்."

"அரைகுறையாக் கத்துக்கிட்டு ஆடாதே. பிடி."

பிடித்தான். நன்றாகவே பிடித்தான். மாவு இறுகும் நேரத்தில் அவள் கட்டைவிரல் இரண்டும் அழுத்தத்தில் நடுங்கியபோது, "இன்னும் கொஞ்சம், விட்டுடாதே" என்றான். பேக்கரிக்காரரைக் காலை ஊன்றி நிற்கும் வாக்கில் மெல்லத் திரும்பச் சொல்லி, எந்தத் தசை எங்கே புடைக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அச்சை இழைத்தாள். முண்டு இருக்கும் இடத்தில் மாவை அப்பி இடம் விட்டாள், பின்பக்கம் சதைப்பற்றுள்ள இடத்தில் இழைத்துப் பிடிமானம் கொடுத்தாள். ஒரு தடவை அதிகமாக இழைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி அப்பினாள். மேஸ்திரியம்மா வந்து நின்று பார்த்தார். வாய் திறக்கவில்லை. அரத்தை மட்டும் அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பட்டறையில் அவர் அரத்தை யாரும் தொட்டதில்லை.

புதுக் கூடு போட்டுப் பார்க்கும் நாளில் பேக்கரிக்காரர் நிஜமான ரொட்டித் தட்டையே கொண்டுவந்துவிட்டார். மேசையிலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து மேசைக்கு, தட்டு போய் வந்தது.

"வலிக்குதா?"

"நல்லா இருக்கு."

"வலிக்குதா?"

"நிஜமாவே நல்லா இருக்கு."

"வலி..."

"வலி இல்லைம்மா! ஆனா..." அவர் தயங்கினார், பின் தயக்கத்தை உதறினார். "குதிகால் ஒரு துளி உயரமா இருக்கற மாதிரி இருக்கு."

"அப்படி வாங்க வழிக்கு" என்று வாயாடி மண்டியிட்டுப் பாதத்தின் திருகாணியைத் தளர்த்திச் சரிசெய்தாள். மறுபடி ஊன்றித் திரும்பினார். திரும்பியவர் நிற்கவில்லை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று திரும்பிக்கொண்டே இருந்தார். ஊன்றுகோல் சுவரோரம் யாருடையதோ மாதிரி நின்றது.

அதன்பின் உறுதியான கூடும் செய்து மாட்டியாயிற்று. அவர் கம்பியைப் பிடிக்காமல், தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு பட்டறையைக் குறுக்கே கடந்து வாசல்வரை போய்த் திரும்பினார். மேஸ்திரியம்மா காதுப் பென்சிலை எடுத்துக் கூட்டின் உட்பக்கத்தில், செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தைத் தட்டிக் காட்டினார். "எழுது. இது உன் கால். உங்க கல்லூரிக்கு நான் சொல்லிடறேன்."

பேக்கரிக்காரர் பையைத் திறந்து நீட்டினார். "எடுத்துக்..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. வாயாடியின் கையில் இரண்டு பன் இருந்தது.

"முதல் தடவையிலேயே வாங்கிட்டியா!" என்று ஃபோனில் அதிர்ந்தாள் அம்மா. கால் முடிந்த சந்தோஷத்தில் அழுது, சிரித்து, கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லி முடித்தபின் வந்த அதிர்ச்சி இது. "அதுவும் ரெண்டா?"

"ரெண்டு."

"போச்சு. மானம் போச்சு. அண்ணி, உங்க பொண்ணு ஊரையே தின்னுட்டு வரப் போறா" என்றாள் பின்னாலிருந்து அத்தை.

"சரி, கிளம்பற நாள் நெருங்குது. வர்றப்ப அத்தைக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்றாள் வாயாடி.

"எனக்கு நல்ல கத்திரிக்கோல் ஒண்ணு" என்றாள் அத்தை, யோசிக்கவே இல்லாமல். அத்தை எப்போதும் எந்த வழக்கத்துக்கும் முழுசாக அடங்கியவள் இல்லை.

"அம்மா, உனக்கு?"

"எனக்கு எதுக்குடி? ஒண்ணும் வேண்டாம். நீ நல்லபடியா வந்து சேந்தா போதும்."

"சரிம்மா."

அந்தப் பக்கம் மிஷின் சத்தம் இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. வாயாடி வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"என்னடி சரி?" என்றாள் அம்மா கடைசியில். "இன்னொரு தடவை கேளுடி."